காதலுக்குக் குறுக்கே நிற்பது

(நெய்வேலியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நெய்வேலிக்கு வந்து இலக்கியம் பேசுவோர் உழைப்பின் மகிமையையும் இயந்திர நாகரிகத்தின் பெருமையையும் எடுத்துரைப்பது வழக்கம். அதற்குரிய நியாயம் இம்மண்ணிலேயே இருக்கிறது. ஆயினும் இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயம் வேறு. காதலையும் விவாகத்தையும் பொருளாகக் கொண்டு வார இதழ்களில் தொடர்கதை எழுதி, எண்ணற்ற தமிழ்க் குடும்பங்களின் அடுக்களை வரையில் சென்று வாசகர்களைத் தேடிக்கொண்ட ஓர் அம்மையாரின் எழுத்து வாழ்க்கையைப் பற்றி, அதன் வழியே காதற்கதை எழுதுவோரின் தொழில் எத்தகையது என்பதைப் பற்றி, உங்கள் முன் சில அபிப்பிராயங்களை வைக்க விரும்புகிறேன். அந்த அம்மையார், லக்ஷ்மி என்ற புனைபெயரால் தமிழுலகம் அறிந்த டாக்டர் திரிபுரசுந்தரி.

இதை இந்நகரத்தில் பேசுவானேன் என்று கேட்கலாம். 1956ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் இங்குள்ள பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவாயிற்று. மறு ஆண்டு மே மாதம் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961இல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. 1962இல் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு மின்சாரம் தந்தது. இவை நீங்கள் என்னைவிட நன்றாக அறிந்த செய்திகள். இந்தச் சரித்திரத்தோடு சேர்ந்தே நடந்தும் எந்த அறிக்கையிலும் இடம்பெறாத மற்றொன்று உண்டு. மாமியாரும் நாத்தனாரும் ஓரகத்தியும் நிறைந்த வீடுகளை ஊரில் விட்டுவிட்டு, புதிதாக மணமான பெண்கள் கணவன்மாரோடு இந்நகரின் குடியிருப்பு வட்டங்களில் வந்து குடியேறினார்கள். ஷிப்டுக்குப் போன கணவன் திரும்பும் வரையில் தனித்திருந்து, வாழ்நாளில் முதன்முறையாகத் தமக்கென்று சில மணி நேரங்களைப் பெற்றார்கள். அந்த நேரத்தில் அவர்கள் கையில் இருந்தது வார இதழ். தொடர்கதைப் பக்கங்களைச் சித்திரத்தோடு கிழித்தெடுத்து, வாரம் தவறாமல் சேர்த்து, பைண்டு செய்து, வட்டத்துக்கு வட்டம் இரவல் கொடுத்துப் படித்த தலைமுறை அது. அந்தத் தலைமுறையின் மனத்தை உருவாக்கிய எழுத்தை ஆராய்வதற்கு இதைக் காட்டிலும் பொருத்தமான அவை எனக்குத் தோன்றவில்லை.

லக்ஷ்மி 1921இல் பிறந்தவர். திருச்சி மாவட்டத்துத் தொட்டியத்தோடு தொடர்புடைய மருத்துவர் குடும்பம். பெண்கள் உயர்நிலைப் பள்ளியை எட்டுவதே அபூர்வமாயிருந்த காலத்தில் அவர் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். உலக யுத்தத்தின் நெருக்கடியில் வீட்டிலிருந்து படிப்புக்குப் பணம் வருவது கஷ்டமாயிற்று. அவர் ஆனந்த விகடனுக்குச் சென்றார், எஸ்.எஸ். வாசன் அவருடைய எழுத்துக்கு இடமும் ஊதியமும் அளித்தார். அந்த ஊதியத்தைக் கொண்டு படிப்பைத் தொடர்ந்து டாக்டரானார். தம் சுயசரிதைக்கு அவர் இட்ட பெயர் 'கதாசிரியையின் கதை'. டாக்டர் பட்டத்தைத் தலைப்பில் வைத்துக்கொள்ள முழு உரிமையும் உள்ளவர், எந்தத் தொழில் தம்மைப் படிக்கவைத்ததோ அந்தத் தொழிலின் பெயரையே தம் வாழ்க்கைக்கு வைத்தார் என்பதை நான் மிகுந்த மரியாதையோடு நினைத்துப் பார்க்கிறேன்.

பணத்துக்காக எழுதினார் என்று சொன்னால் நம்மில் சிலருக்கு முகம் சுளிக்கும். கலை வேறு, கூலி வேறு என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஆங்கிலத்தில் காதற்கதையின் தாய் என்று போற்றப்படும் ஜேன் ஆஸ்டின், 1813இல் வெளியான 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' நாவலின் உரிமையை 110 பவுனுக்குப் பதிப்பாளரிடம் விற்றார். அந்நாவலை ஊன்றிப் படித்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள்: அதில் வரும் ஆடவர் பலருக்கு ஆண்டு வருமானம் எவ்வளவு, பெண்கள் பலருக்குக் கிடைக்கப்போகும் சொத்து எவ்வளவு என்பது வாசகருக்குத் தெளிவாகத் தெரிவிக்கப்படுகிறது. பணத்தின் அருமையைச் சொந்த வாழ்க்கையில் அறிந்த பெண்ணே காதலின் கணக்கையும் சரியாக எழுத முடிந்தது. லக்ஷ்மியின் நாவல்களிலும் இந்தக் கண்ணைக் காண்கிறேன். கல்லூரிச் சம்பளம் கட்டவேண்டிய நாள் நெருங்குவதைத் தாமே அனுபவித்தவர், கதாநாயகியின் வீட்டில் அரிசி இருக்கிறதா என்பதை மறந்து அவளை நிலவொளியில் நிறுத்திவைக்க மாட்டார்.

இங்கே என் பேச்சின் மையமான கருத்துக்கு வருகிறேன். காதற்கதை எழுதுவோரின் மூலப்பொருள் காதல் என்று எல்லோரும் எண்ணுகிறோம். ஆழ்ந்து நோக்கினால் அப்படியில்லை என்பது விளங்கும். ஒருவனும் ஒருத்தியும் சந்தித்தார்கள், விரும்பினார்கள், பெரியோர் சம்மதித்தார்கள், மணந்தார்கள் என்றால் அது திருமண அழைப்பிதழுக்குப் போதுமான செய்தியே தவிர முப்பது வாரம் நடக்கும் தொடர்கதை ஆகாது. இருவருக்கும் குறுக்கே நிற்பது எதுவோ, அதை எழுதுவதே காதற்கதை ஆசிரியரின் தொழில். நம் முன்னோர் இதை எவ்வளவு துல்லியமாக உணர்ந்திருந்தார்கள் என்று எண்ணும்போது வியப்பாயிருக்கிறது. அகத்திணையின் உரிப்பொருள்களாகத் தொல்காப்பிய மரபு வகுத்தவை ஐந்து: புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல். ஐந்தில் ஒன்றே கூடல். மற்ற நான்கும் கூடாமையின் வெவ்வேறு நிலைகள். மணத்துக்கு முந்திய களவொழுக்கத்துக்கு இடையூறாக அவர்கள் சொன்னவற்றை எண்ணிப் பாருங்கள். ஊரார் தூற்றும் அலர், பெண்ணை வீட்டுக்குள் அடைக்கும் இற்செறிப்பு, மணத்தைத் தள்ளிப்போடும் வரைவு நீட்டித்தல், இரவில் வரும் வழியின் அச்சம். மணத்துக்குப் பிந்திய கற்பிலோ பொருள்வயிற் பிரிவு. சம்பாத்தியத்துக்காக மனைவியை விட்டுக் கணவன் போவதை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே காதற்கவிதையின் தலையாய துறைகளில் ஒன்றாக வைத்த மொழி நம்முடையது. பிழைப்பைத் தேடி இந்தச் செம்மண்ணுக்கு வந்து, ஊரில் ஒருத்தியை விட்டுவைத்து, குவார்ட்டர்ஸ் கிடைக்கும் வரையில் கடிதத்தில் குடித்தனம் நடத்தியவர்கள் பழைய துறையைப் புதிய நிலத்தில் வாழ்ந்துகாட்டினார்கள் என்று நான் சொல்வதுண்டு.

தொடர்கதை என்னும் வடிவம் இந்தத் தொழிலுக்கு ஒரு கடுமையான நியமத்தைக் கொண்டுவந்தது. ஒன்பதாவது அத்தியாயம் எழுதும்போது நான்காவது அத்தியாயம் ஊரெங்கும் வாசிக்கப்பட்டு விவாதிக்கப்பட்டுக்கொண்டிருக்கும். அதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற வழியில்லை. கதாநாயகிக்கு ஒரு தம்பியைக் கொடுத்துவிட்டால் அந்தத் தம்பியை இறுதி வரையில் போஷிக்க வேண்டும். சித்திரக்காரர் அவளுக்கு ஒரு ஜாடையைக் கொடுத்துவிட்டால் அந்த ஜாடையிலிருந்து ஆசிரியராலும் அவளை மீட்க இயலாது. கொத்தமங்கலம் சுப்புவின் தொடர்கதை நாயகி மோகனாம்பாளைக் கோபுலுவின் கோடுகளிலிருந்து பிரித்தெண்ண இயலாதவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். வாரத்துக்கு வாரம் வாசகர் கடிதங்கள் வரும்: அவளை அழவிடாதீர்கள், அவனை மன்னிக்காதீர்கள், அந்த மாமியாருக்குப் புத்தி கற்பியுங்கள். இந்த வேண்டுகோள்களுக்கு இணங்கினால் கதை கெடும். அடியோடு புறக்கணித்தால் வாசகர் போய்விடுவார். இவற்றுக்கிடையே ஒவ்வொரு வாரமும் ஓர் இடத்தில் நிறுத்தியாக வேண்டும். அந்த நிறுத்தம், கதவு தட்டும் ஓசையில் நிறுத்துவதுபோல வெறும் தந்திரமாகவும் இருக்கலாம். ஒரு பெண் தீர்மானம் செய்யவேண்டிய தருணத்தில் நிறுத்தி, நீயாயிருந்தால் என்ன செய்வாய் என்று வாசகியைக் கேட்பதாகவும் இருக்கலாம். பின்னது கைவந்தவர்கள் சிலரே. லக்ஷ்மி அவர்களில் ஒருவர் என்பது என் துணிபு. வகுப்பும் வார்டும் பரீட்சையும் ஒருபுறம் நெருக்க, மறுபுறம் அச்சுக்குக் கொடுக்கவேண்டிய அத்தியாயத்தை எழுதிப் பழகியவரிடம் இந்த ஒழுங்கு அமைந்ததில் ஆச்சரியமில்லை.

அவருடைய முறைக்கு ஓர் உதாரணம் சொல்லுகிறேன். 'பெண் மனம்' என்ற அவர் நாவல் 1963இல் எல்.வி. பிரசாத் இயக்கத்தில் 'இருவர் உள்ளம்' என்ற திரைப்படமாயிற்று, கலைஞர் மு. கருணாநிதி வசனம் எழுதினார். சிவாஜி கணேசனும் சரோஜா தேவியும் நடித்தார்கள். நெய்வேலிக் குடும்பங்களில் பழைய தலைமுறையினர் பலர் அதைப் பார்த்திருக்கக்கூடும். அந்தப் படத்தின் கதையமைப்பைக் கவனியுங்கள். உல்லாசியாகத் திரிந்த செல்வந்தன் ஒரு பள்ளி ஆசிரியையை உண்மையாகவே விரும்புகிறான். அவளுக்கோ அவனைக் கண்டாலே வெறுப்பு. குடும்பச் சூழ்நிலை அவளை அவனுக்கு மனைவியாக்கிவிடுகிறது. மற்றக் கதைகள் முடியும் இடமான மாங்கல்யதாரணத்தில் இந்தக் கதை உண்மையில் தொடங்குகிறது. அவன் திருந்திவிட்டான், அது வாசகருக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது. தெரிந்தாலும் நம்ப அவளுக்கு நியாயமில்லை. ஜாதியோ, அந்தஸ்தோ, தந்தையின் கோபமோ அங்கே தடையாக இல்லை. அவனுடைய பழைய வாழ்க்கையே தடை. ஒருவனுடைய கடந்த காலத்தை மன்னிக்கும் கடமை மனைவிக்கு உண்டா என்ற கேள்வியைப் பொழுதுபோக்குக் கதையின் ஆசனத்தில் வைத்து, அதற்கு விடை சொல்லும் உரிமையையும் பெண்ணின் மனத்துக்கே கொடுத்தார் அந்த ஆசிரியை. பெரியோர் பார்த்து முடித்த திருமணத்தில் அன்பைப் பின்னர் தேடிக்கொள்ள வேண்டியிருந்த கோடிக்கணக்கான பெண்களுக்கு அது வேற்றுலகத்துக் கற்பனையாகப் பட்டிருக்க முடியாது.

அவருக்கு முன்னோடியாக வை.மு. கோதைநாயகி அம்மாளைச் சொல்லாமல் விடலாகாது. 1901இல் பிறந்து, பாலிய விவாகமாகி, முறையான பள்ளிப்படிப்பு இல்லாதிருந்த அவர், முதல் படைப்பான 'இந்திர மோகனா' நாடகத்தைத் தாம் சொல்லத் தோழியைக்கொண்டு எழுதுவித்தார். 1925 முதல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை ஏற்று நடத்தி, நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களைத் தந்து, தேசிய இயக்கத்தில் சிறையும் சென்று, 1960இல் மறைந்தார். இங்கிலாந்தின் பார்பரா கார்ட்லண்டும் சோபாவில் சாய்ந்தபடி செயலாளரிடம் கதை சொல்லி எழுநூறுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதியவர். ஆனால் அவர் வசதியின் பொருட்டு வாயால் சொன்னார். நம் அம்மையாரோ எழுத்தறிவு மறுக்கப்பட்ட நிலையில், கதை கைக்கு வராமல் நெஞ்சில் முட்டியதால் சொன்னார். கதை சொல்லும் ஆசை எழுத்தறிவுக்கு முந்தியது என்பதற்கு இதைவிட உறுதியான சாட்சியம் தேவையில்லை.

லக்ஷ்மியின் வாழ்க்கையில் நான் அடிக்கடி தங்கி யோசிக்கும் பகுதி 1955க்குப் பிற்பட்டது. தென்னாப்பிரிக்கத் தமிழரான கண்ணபிரானை மணந்து அந்நாட்டுக்குச் சென்ற அவர், 22 ஆண்டுகள் அங்கே டாக்டராக வாழ்ந்தார். 1860இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்றவர்களின் சந்ததி வாழும் நாடு அது. அவர் போய் இறங்கியபோது நிறவெறி அரசு உச்சத்தில் இருந்தது. 1949ஆம் ஆண்டுச் சட்டம் வெள்ளையரும் மற்றவரும் மணந்துகொள்வதைத் தடைசெய்திருந்தது. 1950ஆம் ஆண்டுச் சட்டம் யார் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்பதை நிறத்தைக் கொண்டு நிர்ணயித்தது. காதலர் இருவருக்குக் குறுக்கே மாமியாரோ ஊராரோ அன்றி அரசாங்கமே போலீஸோடு வந்து நின்ற தேசம் அது. தடையை எழுதுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் அப்படிப்பட்ட தேசத்தில் ஸ்டெதஸ்கோப்போடு நோயாளிகளின் வீட்டு விவகாரங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதை எண்ணும்போது, மருத்துவமும் நாவலும் அவரிடத்தில் இரண்டு தொழில்களாக இருந்திருக்க முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. தலைவலி என்று வருகிறவள் சொல்லாமல் விடுவது என்ன என்று கேட்டுப் பழகிய காது அது. 1977இல் தாயகம் திரும்பி மீண்டும் மும்முரமாக எழுதினார். 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்கு 1984இல் சாகித்ய அகாதெமி பரிசு கிடைத்தது. 1987 ஜனவரியில் காலமானார்.

தொடர்கதை எழுத்தைப் பற்றி க.நா. சுப்ரமண்யம் முதலிய விமரிசகர்கள் கூறிய கண்டனங்களை நான் அறியாதவன் அல்ல. பத்திரிகையின் தேவைக்கு எழுதுவது ரசனையைத் தாழ்த்துகிறது என்ற அவர்கள் கவலை நேர்மையானது. அதில் பெரும்பகுதியை நான் ஏற்கவும் செய்கிறேன். ஒரே ஒரு வாக்கியம் பேசினால் தீர்ந்துவிடும் தப்பபிப்பிராயத்தைக் கொண்டு இருபது அத்தியாயம் ஓட்டும் கதைகள் ஏராளம். கதாநாயகனின் கொடுஞ்சொல்லையும் கைமுரட்டுத்தனத்தையும் ஆழ்ந்த அன்பின் வேஷமாகக் காட்டி, கடைசி அத்தியாயத்தில் ஒரு கண்ணீர்த் துளியால் அவனை விடுவித்துவிடும் கதைகளும் உண்டு. அவற்றைப் படித்து வளரும் பெண்கள் தமக்கு இழைக்கப்படும் தீங்கைக் காதலென்று எண்ணிப் பொறுத்துக்கொள்ளக்கூடும் என்ற அச்சம் எனக்கு உண்டு. ஆனால் இந்தக் குறைகளைச் சொல்லிக் காதற்கதை என்னும் துறையையே தள்ளிவைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1970 முதல் நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதி, நூலகங்களில் அட்டை நைந்துபோகும் அளவுக்குப் படிக்கப்படும் ரமணிசந்திரன் அவர்களைப் பற்றி நம் பல்கலைக்கழகங்களில் நடக்கவேண்டிய தீவிர ஆராய்ச்சி இன்னும் போதிய அளவில் நடக்கவில்லை. ஒரு சமூகம் எதை விரும்பிப் படிக்கிறதோ அதை ஆராயாமல் அச்சமூகத்தின் மனத்தை ஆராய்வது எப்படி?

தரமான காதற்கதையை எவ்வாறு இனங்காண்பது என்றும் சொல்ல வேண்டும். உங்கள் சுரங்கத்திலிருந்தே ஒன்று சொல்லுகிறேன். பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டிருந்தால்தான் சுரங்கத்தின் தளம் நிற்கும். ஒருநாளைக்கும் அதை மறக்க இயலாது. காதற்கதைக்கு அடியில் பணமும் குலமும் உடம்பும் பயமும் அவ்வாறே அழுத்திக்கொண்டு நிற்கின்றன. அந்த அழுத்தத்தை இடைவிடாது கவனிக்கும் ஆசிரியரின் கதை நிற்கிறது. மேலே தெரிவதை மட்டும் அள்ளப் போனவரின் கதை வெடித்துக் கலங்குகிறது. ஆகவே ஒரு நாவலில் நான் முதலில் பார்ப்பது காதலர்களின் வசனத்தை அல்ல. தடையாக நிற்பவருக்கு ஆசிரியர் எவ்வளவு நியாயம் வழங்கியிருக்கிறார் என்பதையே. மகளின் விருப்பத்தை மறுக்கும் தாய்க்குச் சொல்வதற்கு உண்மையான காரணம் இருந்தால், அந்தக் கதையில் மகளின் விருப்பத்துக்கும் எடை வந்துவிடுகிறது.

இந்நகரில் எழுத ஆசைப்படும் இளைஞர்களுக்கும் யுவதிகளுக்கும் ஒரு விண்ணப்பம் செய்துகொள்கிறேன். உங்கள் புத்தகக் கண்காட்சியில் ஆண்டுதோறும் எழுத்தாளர்களைக் கௌரவிக்கிறீர்கள், நல்லது. அந்த அரங்கில் வைக்கத்தக்க ஒரு காதற்கதை உங்கள் கண்ணெதிரே எழுதப்படாமல் கிடக்கிறது. பெண் பார்க்க வருகிறவர்கள் மாப்பிள்ளை நிரந்தரத் தொழிலாளியா, ஒப்பந்தத் தொழிலாளியா, கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் வேலை செய்யும் சொசைட்டித் தொழிலாளியா என்று முதலில் விசாரிக்கும் ஊர் இது. ஒரே சுரங்கத்தில், ஒரே ஷிப்டில், ஒரே வெயிலில் நிற்கும் இருவரின் கல்யாணச் சந்தையில் இந்த ஒரு சொல் எத்தனை பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகிறது! முந்திரித் தோப்பையும் பலாவையும் குலதெய்வத்தின் கோயிலையும் சுரங்கத்துக்குக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு ஒரு வேலையை எதிர்பார்த்துக் காத்திருக்கும் கிராமத்துக் குடும்பம் ஒன்று. அந்தச் சுரங்கத்திலேயே முப்பது ஆண்டு உழைத்து, வட்டத்துக் குவார்ட்டர்ஸில் பிள்ளைகளை வளர்த்து, ஓய்வு பெறும் நாளில் அந்த வீட்டைக் காலி செய்யவேண்டிய குடும்பம் மற்றொன்று. முதல் வீட்டுப் பையனும் இரண்டாம் வீட்டுப் பெண்ணும் இந்நகரத்து நூலகத்தில் சந்திக்கட்டும். பெண்ணின் தகப்பனார் மறுக்கட்டும். அவர் மறுப்பதை எழுதுவோர், அவரைக் கொடியவராக்காமல், ஓய்வுக்குப் பிறகு எங்கே குடியிருப்பது என்று இரவில் விழித்துக்கொண்டிருக்கும் மனிதராக எழுதட்டும். பையனின் தாயார் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லும்போது, தம் நிலம் இருந்த இடத்தில் இன்று எத்தனை அடிப் பள்ளம் இருக்கிறது என்று அவர் சொல்லட்டும். அந்தக் கதையை எழுத லக்ஷ்மி இன்று இல்லை. அதை எழுதவேண்டியவர் இந்த அவையின் பின்வரிசைகளில் அமர்ந்திருக்கலாம்.